உறையை அவர் ஏன் திருப்பிக் கொடுத்தார்?

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் அட்லாண்டாவுக்கு வடக்கே இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். நான் அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசாவில் இருக்கிறேன், வேலை செய்வதற்கான அனுமதி அட்டை இன்னும் வரவில்லை. கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்பது வருடம் கணக்கு பார்த்தவள்.

எங்கள் வீட்டுக்குப் பத்து நிமிடத் தொலைவில் ஒரு பேக்கரி இருக்கிறது. நடத்துகிறவர் அறுபது வயதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. சம்பளத்துக்குக் கவுண்டரில் ஒரு பெண் நிற்கிறாள், மற்றதெல்லாம் அவர்தான். முதல் வாரத்திலிருந்தே என்னை ‘பேபி’ என்றுதான் கூப்பிடுவார். வாடகை ஏறிவிட்டது, எத்தனை நாள் தாங்குவேனோ என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். பொங்கல் விழாவில் இதைச் சொன்னேன். எங்கள் தமிழ்ச் சங்கத்தில் 6,200 டாலர் சேர்ந்தது. கொடுத்தவர்களுக்குச் சங்கத்தின் பெயரில் ரசீதும் போட்டார்கள்.

நானும் ஒரு தோழியும் பணத்தை உறையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனோம். வாரம் மூன்று நாள் வந்து இலவசமாகக் கணக்கு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அவர் உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ‘நோ, மேம்’ என்று என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டார். அன்றிலிருந்து நான் அவருக்கு ‘மேம்’ ஆகிவிட்டேன். நான் செய்த தப்பு என்ன? பணத்தை என்ன செய்வது? அடுத்த வருடம் கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளுக்கு மட்டும் ஒரு போட்டி வைத்துப் பரிசுத்தொகை கொடுக்கலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். அது சரிவருமா?

— பெயர் வேண்டாம், ஜார்ஜியா

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜார்ஜியாவில் சிறு கடைக்காரர்களுக்குக் கணக்கும் வரியும் பார்த்துக் கொடுக்கத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கறுப்பினத்தவர். இந்தத் தெற்குப் பக்கத்துப் பெண்மணிகள் வாயில் ‘பேபி’ போய் ‘மேம்’ வந்தால் என்ன பொருள் என்று எனக்கும் தெரியும்: நெருக்கம் போய் விலகல் வந்துவிட்டது. ஏன் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் அவசரமான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கடையில் இலவசமாகக் கணக்கு எழுதப் போகாதீர்கள். சம்பளம் வாங்கவில்லை, அதனால் அது வேலை இல்லை என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை. லாபத்துக்கு நடக்கும் ஒரு கடையில், காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற வேலையை நீங்கள் செய்தால், அனுமதி இல்லாமல் வேலை பார்த்ததாகக் குடியேற்றத் துறை எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. நாளைக்கு கிரீன் கார்டு விண்ணப்பத்தில் அது வந்து குறுக்கே நிற்கும். கடைக்காரம்மாவுக்கும் ஆபத்துதான். இந்த நாட்டின் 1938ஆம் வருடத்துக் கூலிச் சட்டப்படி, லாபத்துக்கு நடக்கும் தனியார் தொழிலில் ‘தொண்டர்’ என்று யாரையும் வைத்துக்கொள்ள முடியாது. தேவாலயத்தில், பள்ளியில், அறநிறுவனத்தில் தொண்டு செய்யலாம். பேக்கரியில் செய்தால் அது கூலி பாக்கி. இந்தச் சட்டத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. நீங்கள் வாரம் மூன்று நாள் சும்மா வந்து உட்கார்ந்தால், பில் போட்டு வரவு செலவு எழுதுகிற சாக்கில் கவுண்டரில் நிற்கும் அந்தப் பெண்ணின் மணிநேரம்தான் முதலில் குறையும். அவளுக்கு அது வீட்டு வாடகை.

ஒருநாள் காபி குடித்துக்கொண்டே, இந்தச் செலவை இப்படி எழுதி வைத்தால் வரி நேரத்தில் சுலபம் என்று சொல்வது நட்பு. நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வேலை. உங்கள் விசா விஷயத்தில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பணம் கட்டிப் பேசிவிடுங்கள். உங்கள் கணக்கு அறிவை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உறை.

நீங்கள் கொண்டுபோனது அன்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அம்மா வளர்ந்த ஊரில், நல்ல உடை உடுத்திக்கொண்டு உதவி செய்ய வந்தவர்களைப் பற்றி ஒரு நீண்ட ஞாபகம் இருக்கிறது. அடிமைத்தனம் ஒழிந்த 1865இல், விடுதலை பெற்றவர்கள் சேமிப்பதற்கென்று ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டது. நடத்தியவர்கள் பெரும்பாலும் தர்ம சிந்தனையுள்ள வெள்ளைக்காரக் கனவான்கள். துணி துவைத்தும் பருத்தி பறித்தும் சேர்த்த காசை ஏழை ஜனங்கள் கொண்டுவந்து போட்டார்கள். அந்தப் பணத்தை ரயில்வேயிலும் நிலச் சூதாட்டத்திலும் விட்டு, 1874இல் வங்கி மூடியது. 61,000 பேருக்கு மேல் போட்டிருந்த கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் முடங்கிப்போனது. பலருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பகுதிதான் திரும்பி வந்தது, பலருக்கு ஒன்றுமே வரவில்லை. இந்தக் கதையை அந்த அம்மா புத்தகத்தில் படித்தாரா என்று நான் கேட்க மாட்டேன். இப்படிப்பட்டவை வீட்டுக்குள் பேச்சாகவே இறங்கி வரும்: யாராவது சும்மா கொடுத்தால், எதற்காக என்று கேள்.

இன்னொரு பக்கமும் உண்டு. உங்கள் ஊரின் ஆபர்ன் அவென்யூவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். அலான்சோ ஹெர்ண்டன் 1858இல் அடிமையாகப் பிறந்தவர். முடிதிருத்தும் தொழிலில் உயர்ந்து, பீச்ட்ரீ வீதியில் பெரிய கடை வைத்தார். அங்கே வேலை செய்தவர்கள் கறுப்பினத்தவர், முடிவெட்டிக்கொள்ள வந்தவர்கள் வெள்ளையர்கள். 1905இல் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு சின்ன உதவிச் சங்கத்தை வாங்கி அட்லாண்டா லைஃப் காப்பீட்டு நிறுவனமாக வளர்த்தார். மறு வருடம் செப்டம்பரில் வெள்ளையர் கும்பல் ஊருக்குள் புகுந்து கறுப்பினத்தவரை அடித்துக் கொன்றது. ஹெர்ண்டனின் கடையும் உடைந்தது. அதற்குப் பிறகு நகர மையத்தில் இருந்த கறுப்பினக் கடைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆபர்ன் அவென்யூவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1921இல் அங்கே சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி வந்தது. 1956இல் ஃபார்ச்சூன் இதழ், உலகத்திலேயே பணக்காரக் கறுப்பின வீதி இதுதான் என்று எழுதியது. சும்மா கொடுத்து வளர்ந்த வீதி இல்லை அது. தங்கள் காப்பீட்டுத் தவணையைத் தங்கள் நிறுவனத்தில் கட்டி, தங்கள் வங்கியில் பணம் போட்டு, தங்கள் கடையில் சாப்பிட்டு வளர்ந்தது. அந்த வீதியின் குறுக்கே நெடுஞ்சாலைப் பாலத்தைக் கொண்டுவந்து போட்டு இரண்டாகப் பிளந்தார்கள். இன்று அந்தப் பாலத்துக்குக் கீழே நின்றால் மேலே வண்டிகள் ஓடும் இரைச்சல் மட்டும்தான் கேட்கும். எனக்கு அங்கே நிற்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கும்.

உங்களுக்காகவே இன்னொருவரைச் சொல்ல வேண்டும். பக்கத்து அலபாமாவின் மாண்ட்கோமரியில் ஜார்ஜியா கில்மோர் என்று ஒரு சமையல்காரப் பெண்மணி இருந்தார். 1955 டிசம்பரில், பேருந்துகளில் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்கார வைத்ததை எதிர்த்துப் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது. 381 நாள் நடந்தது. மக்களை வேலைக்குக் கொண்டுபோய்விட வண்டிகள் ஓட வேண்டும், பெட்ரோலுக்குக் காசு வேண்டும். கில்மோரும் தோழிகளும் கோழி பொரித்து, கேக்கும் ‘பை’ என்னும் பலகாரமும் சுட்டு, முடி அலங்காரக் கடைகளிலும் சலவைக் கடைகளிலும் கொண்டுபோய் விற்றார்கள். கிடைத்த பணத்தைக் கூட்டத்தில் ஒப்படைப்பார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்பார்கள். வெள்ளைக்கார வீடுகளில் வேலை பார்க்கும் பெண்களின் பெயர் வெளியே வந்துவிடக் கூடாதே! அதனால் அந்தக் குழுவுக்கே ‘எங்கிருந்தும் வராத சங்கம்’ என்றுதான் பெயர். புறக்கணிப்பை முன்னின்று நடத்திய மார்ட்டின் லூதர் கிங் மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்ன பிறகு கில்மோருக்கு வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்கச் சொல்லி, தொடங்குவதற்குக் கையில் பணமும் கொடுத்தவர் கிங்தான். கொடுத்துவிட்டு அவர் போய்விடவில்லை. அந்தச் சமையலறை மேசையில் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார், கூட வந்தவர்களையும் கூட்டிவந்தார்.

அந்தப் பணம் ஏன் உறுத்தவில்லை என்று யோசித்துப் பாருங்கள். கொடுத்தவர் வாடிக்கையாளராகவும் வந்தார். நீங்கள் முதல் வாரத்திலிருந்தே அந்த அம்மாவின் வாடிக்கை. அன்றைக்கு மட்டும் ரொட்டி வாங்காமல், தோழியையும் கூட்டிக்கொண்டு, கவுண்டர் பெண்ணின் முன்னால் உறையை நீட்டினீர்கள். அத்தனை நாள் அவர் உங்களுக்குக் கடைக்காரர். அந்த ஒரு நிமிஷம் உதவி கேட்டு வரிசையில் நிற்பவர் போல ஆகிவிட்டார், அதுவும் கேட்காமலேயே. அவர் பேச்சுவாக்கில் சொன்ன கஷ்டம் ஒரு மேடையில் பேசப்பட்டது என்பதும் அவருக்குப் புரிந்திருக்கும். தப்பு என்று நான் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் இது ஒன்றுதான்: அவரைக் கேட்காமல் அவர் கதையைப் பொதுவில் வைத்தது. அதற்கு மன்னிப்பு கேளுங்கள், தனியாக, சுருக்கமாக. பணத்தைப் பற்றி அப்போது பேச வேண்டாம்.

இனி கணக்குப்பிள்ளையாகப் பேசுகிறேன். 6,200 டாலரை நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு மாத வாடகையில் கரைந்திருக்கும். மூன்றாம் மாதம் வாடகை அதே வாடகைதான். அவருடைய விற்பனைக் கணக்கில் அந்தப் பணம் எங்கேயும் இருக்காது. நாளைக்கு ஒரு வங்கியில் போய்க் கடன் கேட்டால், யாரோ நல்ல மனசுக்காரர்கள் கொடுத்தார்கள் என்பதை வருமானமாகக் காட்ட முடியாது. அன்பளிப்பா வருமானமா என்று வரி நேரத்தில் ஒரு தலைவலியும் சேர்ந்துகொள்ளும். அதே 6,200 டாலர், வாரம் தவறாமல் வரும் ஒரு ஆர்டராக வந்தால் கதையே வேறு. அது விற்பனை. ஒவ்வொரு வாரமும் ஒரு பில், வங்கிக் கணக்கில் ஒரு வரவு. இந்தக் கடைக்கு நிலையான வாடிக்கை இருக்கிறது என்று காட்டுகிற காகிதம்.

காகிதம் என்பதை லேசாக நினைக்காதீர்கள். 2020இல் கொரோனா வந்தபோது, பிப்ரவரியில் தொழில் செய்துகொண்டிருந்த கறுப்பினத் தொழில்முனைவோர் எண்ணிக்கை ஏப்ரலுக்குள் 41 விழுக்காடு சரிந்தது. வெள்ளையர்களிடம் அது 17. அரசாங்கம் சம்பளப் பாதுகாப்புக் கடன் கொடுத்தது. சரி, யாருக்குக் கிடைத்தது? ஏற்கெனவே வங்கியில் கடன் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு முதலில். கறுப்பினத்தவர் நடத்தும் தொழில்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பணியாளரே இல்லாத ஒற்றை ஆள் தொழில்கள். அவர்களுக்கு முதலில் கடன் தொகையைக் கணக்கிட்டது 2019இன் நிகர லாபத்தை வைத்து: மாதச் சராசரியின் இரண்டரை மடங்கு. என்னிடம் வந்த ஒரு முடிபின்னும் பெண்மணி வருடம் 48,000 டாலருக்கு வேலை செய்தவர். செலவெல்லாம் கழித்து வரிப் படிவத்தில் காட்டிய லாபம் 6,000. கணக்குப் போட்டால் கடன் 1,250 டாலர். கடை வாடகைக்கே போதவில்லை. மொத்த வருமானத்தை வைத்துக் கணக்கிடலாம் என்று விதியை மாற்றியது 2021 தொடக்கத்தில்தான். அந்தக் கணக்கில் 10,000 வந்திருக்கும். இடையில் போன மாதங்களில் எத்தனையோ கடைகளின் கதவில் பூட்டுத் தொங்கியது. 2020 ஏப்ரல் இரவுகளில் தொலைபேசியில் கேட்ட குரல்கள் இன்னும் என் காதில் இருக்கின்றன.

ஏன் இவர்களுக்கு மட்டும் சட்டென்று தாங்க முடிவதில்லை என்றும் சிலர் கேட்பார்கள். மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் சொத்து வரிசையின் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து 2,85,000 டாலர், அப்படி நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900. கடை தொடங்க நமக்குக் கைகொடுப்பது அப்பா வீடு, மாமா தரும் கைமாத்து, அம்மாவின் நகை. 1930களில் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு, இந்தப் பேட்டைக்கு வீட்டுக்கடன் ஆபத்து என்று ஒதுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைக்கு அந்த அடகு வைக்கிற வீடே இல்லை. நாட்டின் மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினான்கு பேராக இருந்தும், ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கும் தொழில்களில் நூற்றுக்கு மூன்று வாக்கில்தான் அவர்கள் கையில் இருக்கிறது. உங்கள் பேக்கரி அம்மா அந்த மூன்றில் ஒருவர். அந்தக் கவுண்டர் பெண்ணுக்கு வாராவாரம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பதே எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது புரியும்.

சரி, சங்கத்தில் இருக்கும் பணத்துக்கு வருவோம். ரசீது சங்கத்தின் பெயரில் போட்டிருக்கிறார்கள். சங்கம் 501சி3 என்னும் வரிவிலக்குள்ள அறநிறுவனமாக இருந்து, கொடுத்தவர்கள் அந்த ரசீதை வைத்து வரிவிலக்கு கேட்கப் போகிறார்கள் என்றால், அந்தப் பணத்தை அப்படியே எடுத்து ஒரு தனியார் கடைக்குக் கொடுக்கக் கூடாது. அவர் வாங்கியிருந்தால் சிக்கல் சங்கத்துக்கு வந்திருக்கும். ஆக, அவர் திருப்பிக் கொடுத்தது இன்னொரு வகையிலும் உங்களைக் காப்பாற்றியது.

என் யோசனை இது. கொரோனா நேரத்தில் வேர்ல்டு சென்ட்ரல் கிச்சன் என்னும் தொண்டு நிறுவனம், தானே எல்லாவற்றையும் சமைக்காமல், ஆள் இல்லாமல் காற்றாடிய உணவகங்களுக்குப் பணம் கொடுத்துச் சமைக்கச் சொல்லி, அந்தச் சாப்பாட்டைப் பசித்தவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. பசித்தவனுக்குச் சாப்பாடு, கடைக்காரனுக்கு வியாபாரம். அதையே செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் பெண்கள் காப்பகமோ வீடற்றவர்கள் தங்குமிடமோ இருக்கும். வெளியில் சமைத்த உணவை வாங்கிக்கொள்வார்களா, எந்த நாள் வசதி என்று முதலில் கேளுங்கள். பிறகு அந்த அம்மாவிடம் போய், வாரம் 25 காலை உணவுப் பெட்டி வேண்டும், என்ன விலை ஆகும் என்று கேளுங்கள். 8 டாலர் என்று சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 200 டாலர். 6,200 டாலருக்கு 31 வாரம் வரும். மாவு, வெண்ணெய், முட்டை, பெட்டி எல்லாம் போக 8இல் 5 டாலர் நின்றால்கூட மாதம் 500 டாலருக்கு மேல் அவர் கையில் நிற்கும். ஏறிய வாடகையில் ஒரு பங்கை அது தூக்கும். சங்கத்தின் பணம் தர்மத்துக்கே போகிறது. பொங்கலன்று பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும், பணத்தை இந்த வழியில் செலவிடுகிறோம் என்று ஒரு கடிதம் எழுதி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். நாம் மொத்தமாக வாங்கினால் உடனே ‘பார்த்துப் போட்டுக் கொடுங்க’ என்று வாய் வந்துவிடும். இந்த ஒரு இடத்தில் வாயைக் கட்டுங்கள். பணத்தையும் கடன் சொல்லாமல் கொடுங்கள். முதல் மாதத்துக்கு முன்பணம், அப்புறம் பெட்டி வாங்குகிற அன்றே கணக்குத் தீர்க்க வேண்டும். சிறு கடைகளை விற்பனை இல்லாமை கொல்வது ஒரு பக்கம். விற்ற சரக்குக்குக் காசு வர ஒரு மாதம், இரண்டு மாதம் ஆவது இன்னொரு பக்கம். பெரிய அலுவலகங்கள் 30 நாள், 60 நாள் என்று தவணை வைத்துக்கொண்டு உட்காரும். அதற்குள் இங்கே மாவு வாங்கக் காசிருக்காது.

இந்த 31 வாரமும் ஒருநாள் முடிந்துவிடும் இல்லையா? அதற்குள் இன்னொரு வாடிக்கை பழகியிருக்க வேண்டும். உங்கள் தமிழ்ப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு எங்கிருந்து டோனட் வாங்குகிறீர்கள்? ஏதாவது சங்கிலிக் கடையிலிருந்து என்றால், அந்தச் செலவை இந்தப் பேக்கரிக்கு மாற்றுங்கள். புதிதாக ஒரு டாலர்கூட ஆகாது. உங்கள் கணவரின் அலுவலகத்தில் கூட்டங்களுக்கு வாங்கும் சிற்றுண்டியையும் கேட்டுப் பாருங்கள். அங்கே ஒரு முட்டுக்கட்டை வரும்: விற்பவர் பதிவுப் படிவம், வரி எண் படிவம், பொறுப்புக் காப்பீட்டுச் சான்று என்று காகிதம் கேட்பார்கள். தரம் சரியில்லாமல் இல்லை, இந்தக் காகிதத்தால்தான் பல சின்னக் கடைகள் உள்ளே நுழைய முடியாமல் நிற்கின்றன. எந்தெந்தக் காகிதம் வேண்டும் என்று உங்கள் கணவர் முன்கூட்டியே கேட்டு வந்து சொன்னாலே பெரிய உதவி. வீட்டுக்கு வாங்கும்போது செயலியில் ஆர்டர் போடாமல் கடைக்கே போன் செய்யுங்கள். செயலிகள் பில்லில் 15இலிருந்து 30 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும். அந்தப் பங்குதான் பெரும்பாலும் கடையின் லாபமே. கூகுளில் நாலு வரி நல்லதாக எழுதுங்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று பெயர் சொல்லி. அவருடைய சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பையோ சோள ரொட்டியையோ சொல்லுங்கள்; பாவம், கஷ்டப்படுகிறார் என்று எழுதிவிடாதீர்கள்.

சங்கத்தின் வங்கிக் கணக்கையும் யோசிக்கலாம். நான் சொன்ன அந்த 1921 சிட்டிசன்ஸ் டிரஸ்ட் வங்கி அட்லாண்டாவில் இன்றும் நடக்கிறது. மற்ற வங்கிகளைப் போலவே 2,50,000 டாலர் வரை மத்திய அரசின் வைப்புக் காப்பீடு உண்டு. சங்கப் பணம் எங்கேயோ சும்மா கிடப்பதற்குப் பதில் அங்கே கிடந்தால், அதை வைத்து அவர்கள் கடன் கொடுப்பார்கள்.

கடன் என்றதும் ஒன்று. அந்த அம்மாவே, அடுப்பு மாற்ற வேண்டும், கொஞ்சம் பணம் புரட்ட வேண்டும் என்று வாய் திறந்து கேட்டால், அப்போது மட்டும் கிவா என்னும் இணையவழிக் கடன் அமைப்பைச் சொல்லுங்கள். அமெரிக்கச் சிறு தொழில்களுக்கு 15,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன். கொடுப்பவர்கள் 25 டாலரிலிருந்து போடலாம். ஆனால் விண்ணப்பிக்கிறவர் முதலில் தன்னைத் தெரிந்த சிலரைக் கடன் போட வைத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊருக்குத் திறப்பார்கள். அந்த முதல் ஆட்களாக நீங்களும் தோழிகளும் அவரவர் சொந்தப் பணத்தில் இருங்கள், சங்கப் பணத்தில் வேண்டாம். திரும்பி வராமல் போகவும் வாய்ப்புண்டு என்று தெரிந்தே போடுங்கள். நம் சீட்டு மாதிரி ஒரு பழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் இருக்கிறது, ‘சுசு’ என்பார்கள். ஆளாளுக்கு மாதம் ஒரு தொகை போட்டு, முறை வைத்து ஒருவர் எடுப்பது. தெரிந்தவர் நாலு பேர் நம்பினால்தான் காசு நகரும் என்பது அவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பெரிய தொகை என்றால் ஜார்ஜியாவில் ஏஸ் போன்ற லாபநோக்கற்ற கடன் நிறுவனங்கள் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தை எப்படிப் பேசுவது என்பதற்கு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சிறு தொழில் வளர்ச்சி மையத்தில் ஆலோசனை கிடைக்கும்.

பரிசுப் போட்டியை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். மனசு ஒப்பாமல்தான் சொல்கிறேன். இதே அட்லாண்டாவில் ஃபியர்லெஸ் ஃபண்ட் என்று கறுப்பினப் பெண்கள் தொடங்கிய முதலீட்டு அமைப்பு, கறுப்பினப் பெண் தொழில்முனைவோருக்கு 20,000 டாலர் பரிசுப் போட்டி நடத்தியது. 2023 ஆகஸ்டில் வழக்கு வந்தது. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவர்களும் மற்றவர்களைப் போல ஒப்பந்தம் செய்துகொள்ள உரிமை உண்டு என்று 1866இல் இயற்றிய சட்டத்தை எடுத்து, அவர்களின் பேத்திகளுக்கான போட்டிக்கு எதிராகவே வாதாடினார்கள். 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் போட்டியை நிறுத்தி வைத்தது. செப்டம்பரில் சமரசமாகி, போட்டியே மூடப்பட்டது. இந்தத் தீர்ப்பு எனக்கு ஆறவே இல்லை. ஆனால் ஜார்ஜியா அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது. இனத்தைத் தகுதியாக வைத்து ஒரு சின்னச் சங்கம் போட்டி நடத்தினால் வழக்கறிஞர் செலவிலேயே அழிந்துவிடும். நாலு கடைகளை மேடையில் ஏற்றி, யார் கஷ்டம் பெரிது என்று அளக்கிற அந்த வழியும் எனக்குப் பிடித்தமில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்றால், அட்லாண்டா நகரில் ஹெர்மன் ரஸ்ஸல் பெயரில் நடக்கும் தொழில்முனைவோர் மையம், அர்பன் லீக் போல இதையே வேலையாகச் செய்கிற லாபநோக்கற்ற அமைப்புகளுக்குக் கொடுங்கள். அவர்களுக்குச் சட்டமும் தெரியும், ஆட்களும் தெரியும்.

உங்கள் ஒன்பது வருட அனுபவத்துக்கு வருகிறேன், அது வீணாகப் போகக் கூடாது. வரித் துறையின் விட்டா திட்டத்தில் சேருங்கள். பாடம் படித்து, தேர்வெழுதித் தேறிவிட்டால் ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் 15 வரை குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக வரிப் படிவம் போட்டுக் கொடுக்கலாம். சரக்கிருப்பு, பணியாளர், நட்டம் உள்ள தொழில்களை அங்கே தொட மாட்டார்கள். பேக்கரிக் கணக்கு அங்கே வராது. ஆனால் முடி பின்னுகிறவர், வண்டி ஓட்டுகிறவர், வீடு சுத்தம் செய்கிறவர் வருவார்கள். இப்படிப்பட்டவர்களின் படிவத்தை ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து சரியாகப் போட்டுக் கொடுத்தால், அடுத்த முறை ஒரு கடன் திட்டம் வரும்போது அவர் கையில் காகிதம் இருக்கும். 1964இலிருந்து நடக்கும் ஸ்கோர் அமைப்பும் இருக்கிறது. தொழில் தெரிந்தவர்கள் சிறு கடைக்காரர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்வது அதன் வேலை. இரண்டுமே லாபத்துக்கு நடப்பவை இல்லை, உதவ வருகிற தொண்டர்கள் அங்கே சம்பளமில்லாமல்தான் வருகிறார்கள். உங்கள் வழக்கறிஞரிடம் பேசும்போது இந்த இரண்டின் பெயரையும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேக்கரிக்கு இந்த வாரமே போங்கள். தனியாகப் போங்கள், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து. வழக்கமாக வாங்குவதை வாங்கிக் காசு கொடுங்கள். மன்னிப்பை ஒரு வரியில் சொல்லுங்கள். அவர் ‘மேம்’ என்றே பேசினாலும் முகம் வாடாதீர்கள், அது மாற நாள் ஆகும், மாறாமலும் போகலாம். ஆர்டரைப் பற்றி இரண்டு மூன்று முறை சாதாரணமாக வந்து போன பிறகு பேசுங்கள். 25 பெட்டி ஒரே காலையில் அவரால் முடியுமா, கவுண்டர் பெண்ணுக்குக் கூடுதல் மணிநேரம் கொடுக்க வேண்டியிருக்குமா, அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளட்டும். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றால் காத்திருங்கள். ஒப்புக்கொண்டால், எத்தனை பெட்டி என்பதை முந்தைய நாள் மதியத்துக்குள் சொல்லிவிடுங்கள். மாவு இரவே பிசைந்தாக வேண்டும்.